கணிப்பொறியில் இரு நல்லியக்கோடர்

தமிழ் பயில்வோர்க்குக் கணிப்பொறி எற்றுக்கு என வினவும் அன்பர்கள் இன்னும் உளர். கருவியை நிறுவித் தருதல் அறிவியல் மாணவர் வேலை, அதனிடத்து ஏடு பார்த்தலே நம் வேலை என்பது அவர்தம் கொள்கை. இதனை யாம் மறுக்கின்றோம். நிறுவும் பொழுதே நம் எழுத்தின் நிலை முடிவாகிவிடுகின்றது.

எங்ஙனமெனின், வானூரும் மரக்காணமும் அடங்கிய எம் உப்பளக் கரை பண்டை ஓய்மா நாட்டைச் சார்ந்தது என்பர் ஆராய்ச்சியாளர். அந்நாட்டுத் தலைவன் நல்லியக்கோடனைச் சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனாரும், புறநானூற்று 176ஆம் பாட்டில் புறத்திணை நன்னாகனாரும் பாடினர். நன்னாகனாரே ஓய்மான் நல்லியாதனையும் (376), ஓய்மான் வில்லியாதனையும் (379), கரும்பனூர் கிழானையும் (381, 384) பாடியவர். புலவரையும் புரவலரையும் புள்ளியாக்கிப் பாட்டைக் கோடாக்கினால் ஒரு வலை தோன்றும். கோனிக்ஸ்பர்க் நகரத்துப் பாலங்களைப்பற்றி ஆய்லர் 1736ஆம் ஆண்டளவில் எண்ணியதும் இம்முறையே.

இத்தகு வலைகளை ஆய்தற்குப் பைத்தான் மொழியில் நெட்வொர்க்எக்ஸ் என்னும் நூலகம் உண்டு. ஹேக்பர்க், ஷுல்ட், ஸ்வார்ட் என்னும் மூவர் 2002இல் தொடங்கி 2005இல் வெளியிட்டனர், விலையில்லை. முதலில் தனிச்சூழல் ஒன்று அமைத்தல் நன்று. ஒரு பாத்தியின் உவர்நீர் மற்றொன்றிற் கலவாவண்ணம் உப்பளத்தார் வரப்பிடுவதுபோல, ஒரு பணிக்கு இட்ட நூலகங்கள் பிறவற்றைக் கெடுக்காவண்ணம் அது காக்கும். பின்னர் 'பிப் இன்ஸ்டால் நெட்வொர்க்எக்ஸ்' என ஒரு வரி, அவ்வளவே.

இடர் அதன் பின்னரே. படம் வரைய மேட்பிளாட்லிப்பைத் துணைக்கொண்டோம். பெயர் நிற்கவேண்டிய இடமெல்லாம் வெறுங்கட்டங்கள் நின்றன; அது இயல்பாக எடுத்தாளும் எழுத்துருவில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துரு ஒன்றைக் காட்டினோம். எழுத்துக்கள் வந்தன, ஆயின் கொம்புகள் எழுத்திற்கு முன் நில்லாது பின்னே போய் நின்றன. "ஆங்கில எழுத்தில் இட்டுவிடலாமே" என்றார் ஒரு நண்பர். லகர ளகர ழகரங்களை அவ்வெழுத்தில் எங்ஙனம் பிரித்துக் காட்டுவது என்றோம், விடையில்லை. ஆதலின் பைவிஸ் என்னும் நூலகத்தை நிறுவினோம். அது வலையை உலாவியில் விரித்துக் காட்டுவது. உலாவியோ தமிழெழுத்தைச் செவ்வனே கோக்க வல்லது.

அங்கே கண்டது இதனினும் வியப்பு. நல்லியக்கோடர் இருவர்! நத்தத்தனார் ஒருவனோடும் நன்னாகனார் மற்றவனோடும் இணைந்திருந்தனர். காரணம் 'கோ' என்னும் எழுத்து. அதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் இடலாம். கொம்பும் காலுமாக இரு குறியீடாகவும் இடலாம். கண்ணுக்கு வேற்றுமை இல்லை; பொறிக்கோ ஆள் வேறு. பட்டியலை எழுதினோர் இருவர். அவர்தம் விசைப்பலகைகளும் இரண்டு. பைத்தானோடு உடன்வரும் யூனிகோட்டேட்டாவைக்கொண்டு பெயரனைத்தையும் ஒருவடிவாக்கவே தலைவன் ஒருவனானான். இப்பிழையைத் தமிழ் படித்தவனன்றி வேறு யார் கண்டிருப்பார்? இருவர் உளர் என்றே நம்பிக் கட்டுரையும் எழுதியிருப்பர்.

நல்லியக்கோடனும் நல்லியாதனும் ஒருவரா, வேறா என்பது வேறு வழக்கு. அதனை எந்நூலகமும் தீர்த்துத் தாராது. பாட்டின் அடிக்குறிப்பையும் உரையையும் வைத்து யாமே வாதாடிக்கொண்டிருக்கின்றோம்.

கணிப்பொறிக் கூடத்தில் மாலைதோறும் ஒருமணி நேரம் தமிழ்ச் சிறப்பு வகுப்பினர்க்கும் ஒதுக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகின்றோம். புறநானூறு முடிந்தபின் பதிற்றுப்பத்தைத் தொடங்க எண்ணியுள்ளோம். பெயர்ப்பட்டியல் எழுதத் துணைவர் வேண்டும். விசைப்பலகை மட்டும் ஒன்றாயிருக்கட்டும்.