நான் படித்தவை: ஏழு குட்டி போட்ட ஆடும் செல்லாத பணமும்



இந்தத் தடவை இரண்டு நாவல்கள். இரண்டுமே சிரித்துக்கொண்டு படிக்கிற ரகம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன். "வேலையெல்லாம் முடிந்து கிடைக்கிறதே அரை மணி. அதிலேயும் அழுகிற கதையா அண்ணி?" என்று என் நாத்தனார் கேட்கிறாள். அவள் பார்க்கிற டி.வி. சீரியலில் மட்டும் என்ன, எல்லோரும் சிரித்துக்கொண்டா இருக்கிறார்கள்?

எங்கள் ஊரில் புத்தகக் கடை கிடையாது. சந்தைக்குப் போனால் மிளகு கிடைக்கும், பலா கிடைக்கும், அன்னாசி கிடைக்கும். நாவல் வேண்டுமென்றால் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போகிறவர் யாரையாவது பிடிக்க வேண்டும். அப்படி வந்து சேர்ந்ததுதான் பெருமாள்முருகன் எழுதிய 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. எங்கள் மாவட்டத்துக்காரர். நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். 'மாதொருபாகன்' என்ற நாவலுக்காக எழுந்த எதிர்ப்பில் மனம் நொந்து, இனி எழுதப் போவதில்லை என்று 2015 ஜனவரியில் அறிவித்தார். மறு வருஷம் ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு, 2016 கடைசியில் வந்த நாவல் இது. மனிதர்களைப் பற்றி எழுதவே பயமாக இருக்கிறது, ஆடென்றால் வம்பில்லை என்கிற மாதிரி முன்னுரையில் சொல்கிறார்.

கதை இதுதான். ஒரு கிழவரிடம், மலை மாதிரி இருக்கும் ஓர் ஆள் கைக்குள் அடங்குகிற ஒரு கறுப்புக் குட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அது ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடும் வம்சமாம். கிழவி அதைப் பெற்ற பெண்ணைப் போல வளர்க்கிறாள். மற்ற ஆடு பால் கொடுக்க மறுக்க, இவள் படுகிற பாடு இருக்கிறதே, பச்சைக் குழந்தைக்குப் பால் போதாமல் தவித்த எந்தத் தாய்க்கும் நெஞ்சை அடைக்கும்.

பூனாச்சி வளர்கிறாள். ஆசைப்படுகிறாள். இழக்கிறாள். சொன்னபடியே ஏழு குட்டி போடுகிறாள். ஊரே வாயைப் பிளந்து வேடிக்கை பார்க்கிறது. எனக்கு அந்த இடத்தில் சந்தோஷமே வரவில்லை. நானும் ஆடு வளர்க்கிறவள்தான். வெள்ளாட்டுக்குக் காம்பு இரண்டே இரண்டு. சாதாரணமாக ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று குட்டி போடும். மூன்று போட்டாலே ஒன்றுக்குப் புட்டிப்பால் தேட வேண்டியிருக்கும். ஏழு என்றால்? குட்டிகளைப் பார்க்கிறவர்கள் விலையைப் பேசுகிறார்கள். பெற்றவளின் விலா எலும்பை எண்ணுவார் யாருமில்லை.

"எத்தனை நாளில் அடுத்தது?" என்று பிள்ளை பெற்ற இடத்துக்கே வந்து கேட்கிற மகராசிகள் நம் வீடுகளிலும் உண்டுதானே. பிரசவமான பெண்ணின் உடம்பில் ரத்தம் ஊற வேண்டும், அதற்குக் கீரையும் கேழ்வரகும் பருப்பும் முட்டையும் இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும், அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருஷமாவது இடைவெளி வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்து விட்டார்கள். பூனாச்சியைப் படித்தால் அது காதில் விழும் என்று தோன்றுகிறது.

பின்னால் பஞ்சம் வருகிறது. கிழவியின் கையே மாறிப் போகிறது. பிள்ளையாய் வளர்த்தவளுக்கு, வயிறு காயும்போது ஆடு ஆடாகத் தெரிகிறது. அவளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எங்கள் மலையில் முன்பு சாமையும் தினையும் கேழ்வரகும் வீட்டுக் குதிரில் இருந்தன. மழை தப்பினாலும் கொஞ்ச நாள் தாங்கும். ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளி போட ஆரம்பித்த பிறகு கையில் காசு வந்தது, குதிர் காலியானது. புத்தகத்தை மூடிவிட்டு இதைத்தான் ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது இமையத்தின் 'செல்லாத பணம்'. 2018-ல் வந்தது. 2020-க்கான சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. ரேவதி இன்ஜினீயரிங் படித்த பெண். அப்பா தலைமையாசிரியர். அவள் விரும்பியதோ ரவி என்ற ஆட்டோ டிரைவரை. பெற்றவர்கள் கெஞ்சிப் பார்க்கிறார்கள், மிரட்டிப் பார்க்கிறார்கள், கடைசியில் கல்யாணம் நடக்கிறது. அதன் பிறகு அந்த வீட்டில் அவள் பேரைச் சொன்னாலே அப்பாவின் முகம் மாறும். சில வருஷம் கழித்து உடம்பெல்லாம் தீக்காயத்துடன் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அப்போது அப்பா பணத்தை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார். எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்கிறார். அங்கே அது செல்லவில்லை.

பெரும்பாலும் பேச்சாகவே போகிற நாவல். தீ எப்படிப் பற்றியது என்பதைச் சுற்றி ஆளுக்கொரு வார்த்தை. தீக்காய வார்டு வாசலில் காத்திருக்கும் சனங்களின் பேச்சுதான் எனக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு கதை, பெரும்பாலும் பெண்களின் கதை. கொஞ்சம் நீளம்தான். சொன்னதையே சொல்கிறார்களே என்று எனக்கு நடுவில் அலுப்பும் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் புதிதாக எதையும் பேசுவதில்லை.

எனக்குக் கோபம் ரவி மேல் மட்டுமில்லை. மகள் போனாள் என்று பேச்சை வெட்டிக்கொண்ட வீட்டின் மேலும்தான். அடி வாங்கினாலும் திரும்பிப் போக வழியில்லை என்று ஒரு பெண் நினைத்து விட்டால் அவள் யாரிடம் சொல்வாள்? பிடிக்காத கல்யாணம் செய்துகொண்ட மகள் இருக்கும் தாய்மார்களே, வாரம் ஒரு போன் போடுங்கள். அப்பாவுக்குத் தெரியாமலாவது போடுங்கள். போன் போடவும் ஆளில்லாத பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது. பகலோ இரவோ பேசலாம்.

இன்னொன்று, நம் பத்திரிகைக்கு உரிய விஷயம். உடம்பில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும், கனமான பருத்திப் போர்வையால் மூடி அணைக்க வேண்டும். சுட்ட இடத்தில் சாதாரணக் குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் விட வேண்டும். ஐஸ், பற்பசை, மாவு, இங்க் எதுவும் வேண்டாம். வீங்குவதற்கு முன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி 108-ஐக் கூப்பிடுங்கள். சமையல் செய்யும்போது நைலான் நைட்டி வேண்டவே வேண்டாம். அது எரிவதோடு நிற்காது, உருகித் தோலோடு ஒட்டும்.

பிள்ளைத்தாய்ச்சிகள் இரண்டாவது புத்தகத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வைக்கலாம். பூனாச்சியைப் படிக்கலாம். குழந்தைகளுக்கு முதல் பாதியைக் கதையாகவும் சொல்லலாம். என் தங்கை பேரன் ராத்திரியில் அந்தக் கறுப்புக் குட்டியைக் கேட்டுக்கொண்டுதான் தூங்குகிறான்.

அம்பையின் 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' சிறுகதைத் தொகுப்புக்கு நாமக்கல்லில் சொல்லி வைத்திருக்கிறேன். மழைக்கு முன் வந்து சேர்ந்தால் அடுத்த இதழில்.