டைகர் ஊருக்குப் போயிருக்கான்!

எங்கள் வீட்டு டைகருக்குப் பேரில் மட்டும்தான் புலி. தீபாவளிக்கு மூன்று நாள் முன்பே கட்டிலுக்கு அடியில் குடி போய்விடும். வயது 13. என் கல்யாணத்துக்கு முன்பே வந்த நாய், ஆகவே வீட்டில் என் மனைவிக்கே சீனியர். என் பேச்சைக் கேட்கும் ஒரே ஜீவனும் அதுதான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போன பிறகு, டைகர் செத்துப் போனது. கிட்னி போய்விட்டது என்று டாக்டர் முன்னாலேயே கையை விரித்திருந்தார். வீட்டு ஓனரைக் கெஞ்சிக் கூத்தாடி, கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். ஆபீசுக்கு போன் செய்து லீவு சொன்னேன். காரணம், வயிற்று வலி. நாய் செத்ததற்கு எந்த மேனேஜர் சார் லீவு கொடுப்பார்?

அது அன்றைய முதல் பொய். இரண்டாவது பொய், சாயந்திரம் நாலு மணிக்கு.

"டைகர் எங்கேப்பா?" இது என் நாலரை வயசுப் பொண்ணு.

"ஊருக்குப் போயிருக்கான்மா. தாத்தா வீட்டுக்கு."

எட்டு வயசுப் பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

நான் பி.காம். ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆகவேண்டும் என்று படித்தவன். பொய்க்கும் அதே கணக்குதான். ராத்திரியே, "தாத்தாவுக்கு வீடியோ கால் போடு. டைகரைப் பார்க்கணும்" என்றாள். மாடிக்கு ஓடிப்போய் அப்பாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் நடந்ததுதான் கொடுமை. மன்னார்குடியில் என் அப்பா, வயது 74, ரிட்டையர்டு தலைமையாசிரியர், கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இரண்டு தடவை குரைத்தார்!

சிரிக்காதீர்கள். பத்து நாள் தாங்கியது அந்தக் குரைப்பு.

பதினோராம் நாள் ஆடிட் வேலையாக நான் சேலம் கிளம்பினேன். பையைத் தூக்கியதும் பொண்ணு வந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"எங்கேப்பா போறே?"

"ஊருக்கும்மா."

அவ்வளவுதான்! அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதே இல்லை. "நீயும் டைகர் மாதிரி வரமாட்டே!"

பையைக் கீழே வைத்தேன். இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். "டைகர் ஊருக்குப் போகலை. செத்துப் போச்சு. அதுக்கு மூச்சு நின்னு போச்சு. இனிமே பசிக்காது, வலிக்காது. திரும்பி வராது."

பையன் மெதுவாக, "எனக்குத் தெரியும்ப்பா. செயின் ஆணியிலேயே தொங்குதே. செயின் இல்லாம நீ அவனைத் தெருமுனைக்குக்கூட கூட்டிட்டுப் போகமாட்டியே" என்றான்.

"ஏண்டா கேக்கலை?"

"நீ பாத்ரூம்ல அழுதது கேட்டுச்சு."

மூன்று பேருமாகக் கொல்லைக்குப் போனோம். பொண்ணு ஒரு மில்க் பிஸ்கட்டை மரத்தடியில் வைத்தாள். "பசிக்காதுன்னு சொன்னேனே?" என்றேன். "தெரியும். சும்மா வெச்சேன்" என்றாள்.

ரயிலில் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் படித்தேன். அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' என்று குழந்தைகள் டி.வி. நிகழ்ச்சி. அதில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துவிட்டார். வேறு ஊருக்குக் குடி போய்விட்டார் என்று சமாளிக்கலாமா என்று அவர்களும் யோசித்தார்களாம். கடைசியில் நிபுணர்களைக் கலந்து பேசி, 1983 நவம்பரில், 'ஹூப்பர் இறந்துவிட்டார், திரும்பி வரமாட்டார்' என்று குழந்தைகளிடம் நேராகவே சொல்லிவிட்டார்கள். 'தூங்குகிறார்' என்றும் சொல்லக்கூடாதாம். அப்புறம் குழந்தை ராத்திரி படுக்கவே பயப்படும். நான் 'ஊருக்கு' என்று சொல்லி, என் பொண்ணை ரயிலுக்கே பயப்பட வைத்தேன்.

சேலத்தில் இறங்கியதும் போன் வந்தது.

"அப்பா, நீ நிஜ ஊருக்குத்தானே போயிருக்கே?"

"ஆமாம்மா. நிஜ ஊருக்குத்தான். வெள்ளிக்கிழமை காலையில வந்துடுவேன்."

சேலத்தில் வேலை பாக்கி இருந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் நின்றேன்.