வாசலைச் செப்பனிடும் கூலி



கடந்த வாரம் நம் வாலிபர் ஐக்கியத்தில் பிள்ளைகள் ஒரு புதுமையான போட்டி நடத்தினார்கள். 'லெஜண்ட் ஆஃப் செல்டா' என்னும் ஜப்பானிய வீடியோ கேமில் லிங்க் என்னும் வீரன் சுமந்து திரியும் பொருள்களைத் தாளில் வரைந்து சுவரில் ஒட்டினார்கள். இவை ஒரு திருடனின் பையில் இருந்தால் என்ன பெயர் பெறும் என்பதே கேள்வி. சுவரைப் பிளக்கும் வெடிகுண்டின் கீழே 'கன்னக்கோல்' என்று ஒருவன் எழுதினான். எட்டாத இடத்தைப் பற்றி ஆளையே இழுத்துச் செல்லும் கொக்கியின் கீழே, கள்வர் கயிறு கட்டிச் சுவரில் ஏற்றியதாகப் பழங்கதைகள் சொல்லும் 'உடும்பு' என்று ஒரு பெண்பிள்ளை எழுதினாள். எல்லாப் பூட்டையும் திறக்கும் மந்திரச் சாவி 'கள்ளச்சாவி' ஆயிற்று. ஆளை மறைக்கும் மாய அங்கிக்கு 'அமாவாசை' என்று பெயரிட்டவனுக்கே பரிசு கிடைத்தது.

மறுநாள் என்னிடம் இரண்டு குரல்கள் வந்தன. "ஐயா, ஆலய வளாகத்திலேயே களவைக் கற்பிக்கிறோமா?" என்று ஒரு மூப்பர் வருந்தினார். "ஐயா, இது வெறும் விளையாட்டுதானே?" என்று ஒரு வாலிபன் சிரித்தான். இருவரையும் நான் நேசிக்கிறேன். இருவர் சொன்னதையும் மறுக்கிறேன்.

முதலில் மூப்பருக்கு. கருவியில் களவு இல்லை. 1986இல் வெளிவந்த அந்த முதல் விளையாட்டை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ஷிகெரு மியாமோட்டோ, கியோத்தோவுக்கு அருகே சோனோபே என்னும் ஊரில் வளர்ந்தவர். சிறுவயதில் விளக்கேந்திக் குகைகளுக்குள் நுழைந்து பார்த்த வியப்பே அந்தப் படைப்புக்கு வித்து என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆளில்லாத குகைக்குள் கொண்டுபோன விளக்கு தேடலின் விளக்கு. அதே விளக்கை நள்ளிரவில் அயலானின் கொல்லைப்புற வழியாகக் கொண்டுபோனால் அது கள்ளனின் விளக்கு. திரியும் எண்ணெயும் மாறவில்லை. உள்ளே ஓர் உடையவன் இருக்கிறான் என்பதே மாறியது.

இனி வாலிபனுக்கு. வெறும் விளையாட்டு என்று சொல்லித் தப்பிவிடாதே. 1991இல் வந்த அதே வரிசை விளையாட்டில் நீ ஊராரின் வீடுகளுக்குள் நுழைகிறாய். அனுமதி கேட்பதில்லை. அவர்களுடைய பானைகளைத் தூக்கி உடைத்து, உள்ளே இருக்கும் பணத்தை எடுத்துக்கொள்கிறாய். அந்தப் பணத்தின் பெயர்கூட நம் ரூபாயின் ஆங்கிலப் பெயரை ஒத்தது. வீட்டுக்காரர் அருகே நின்றும் தடுப்பதில்லை. பானைக்கு விலை கேட்பதில்லை. ஆகவே உனக்குக் கூச்சமில்லை. உன் பெயரும் வீரன் என்றே நிற்கிறது. பிள்ளைகள் சுவரில் எழுதியது புதிதாக ஒன்றும் அல்ல. அந்த வீட்டுக்காரர் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, அதைத்தான் எழுதினார்கள்.

பிரியமானவர்களே, நான் சொல்ல வந்தது இதுதான்: களவின் முதல் கருவி கன்னக்கோலும் அல்ல, கள்ளச்சாவியும் அல்ல. உடையவனை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுவதே முதல் கருவி. அவன் மறைந்தபின் எந்தக் களவும் சாகசமாகவே தோன்றும்.

இதை அந்த விளையாட்டுகளைச் செய்தவர்களே சில இடங்களில் அறிந்திருந்தார்கள். 1986இன் விளையாட்டில் நீ ஒரு பாறையை வெடிவைத்துப் பிளக்கிறாய். புதையல் இருக்கும் என்று உள்ளே ஓடுகிறாய். அங்கே ஒரு முதியவர் நிற்கிறார். நீ உடைத்தது அவருடைய வாசல். அதைச் செப்பனிடும் செலவைக் கொடு என்கிறார். மறுக்க வழியில்லை, உன் பையிலிருந்து 20 காசு குறைகிறது. வேறொரு மறைவிடத்திலோ ஓர் அரக்கன் உனக்குப் பணம் தந்து, இது இரகசியம் என்கிறான். பலர் முதியவரைக் கண்டு சலிக்கிறார்கள், அரக்கனைக் கண்டு மகிழ்கிறார்கள். உங்களைக் கேட்கிறேன்: இவ்விருவரில் உங்களுக்கு உண்மையைச் சொன்னவர் யார்?

1993இன் விளையாட்டில் ஒரு கடை வருகிறது. 980 காசு விலையுள்ள வில்லை, கடைக்காரர் அப்பால் திரும்பும் வேளையில் எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம். ஓடினால் அன்றுமுதல் ஊரார் உன்னை உன் பெயரால் அழைப்பதில்லை. 'திருடன்' என்றே அழைக்கிறார்கள். மறுபடி அந்தக் கடைக்குள் கால் வைத்தால் உயிர் தப்பாது. ஆயினும் வில் உன் கையில்தான் இருக்கிறது. முன்போலவே அம்பும் எய்கிறது. கருவி உன்னைக் கைவிடவில்லை. உன் பெயர்தான் உன்னைக் கைவிட்டது.

1998இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 'தீஃப்' என்றே பெயரிட்டு ஒரு விளையாட்டை வெளியிட்டது. அதிலும் நாயகன் கையில் வில்தான். தீப்பந்தத்தை அணைக்க நீர் அம்பு, காலடியோசையை அடக்கப் பாசி அம்பு, மேலே ஏறக் கயிற்று அம்பு. நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் அது தன் ஆளுக்குச் சரியான பெயரைச் சூட்டியது. திருடனைத் திருடன் என்று அழைக்கும் விளையாட்டைக் கண்டு பதறுகிற நாம், அதே வேலையைச் செய்பவனை வீரன் என்று அழைக்கும் விளையாட்டைப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்கிறோம். அப்படியானால் நாம் வெறுப்பது களவையா, அதன் பெயரையா?

சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனை நினைத்துப் பாருங்கள். மந்திரம், மருந்து, காலம், இடம், கருவி என்று கள்வருக்குத் துணையாகும் எட்டினை அவன் காவலருக்கு விரித்துரைக்கிறான். கோவலனைக் கள்வன் என்று காட்டுகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவனோ அவனே. பிறருடைய கருவிகளைப் பட்டியலிடும் நாவு, தன் கையில் இருப்பதைச் சொல்லாமல் விடக்கூடும். ஆகையால் இந்தப் பட்டியலை நான் என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆராதனையில் பாடல்களைத் திரையில் காட்டும் நம் ஆலயக் கணினியில் உள்ள மென்பொருள் விலை கொடுத்து வாங்கியதல்ல. பூட்டு உடைக்கப்பட்ட பிரதி. எனக்கு அது தெரியும். மூன்று ஆண்டுகளாகத் தெரியும். "கர்த்தருடைய ஊழியத்துக்குத்தானே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை எழுதி உழைத்தவர்களின் முகம் எனக்குத் தெரியாது. தெரியாததால் அவர்கள் இல்லை என்று ஆக்கிவிட்டேன். மாய அங்கியை நான் போர்த்திக்கொள்ளவில்லை, அவர்கள்மேல் போர்த்தினேன்.

உங்கள் பையிலும் பாருங்கள். வேலைக்காரப் பெண்மணியின் சம்பளத்தை அடுத்த வாரம் தருவதாகத் தள்ளிவைக்கும் நாக்கு. அயலாரின் எல்லைக்குள் ஒரு சாண் நகர்ந்து நிற்கும் மதில். அலுவலகத்தில் செய்யாத பயணத்துக்கு எழுதிய படி. இவற்றைச் சாமர்த்தியம், வழக்கம், எல்லாரும் செய்வது என்று அழைக்கிறோம். நம் பிள்ளைகள் செய்ததுபோல ஒவ்வொன்றின் கீழும் அதன் உண்மையான பெயரை எழுதிப் பார்ப்போமா?

களவைத் தடுக்கும் கட்டளையோடு வேதம் நின்றுவிடவில்லை. எடுத்ததை ஈடுசெய்து திருப்பிக் கொடுக்கவும் நியாயப்பிரமாணம் கற்பிக்கிறது. சகேயு ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்றபோது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகச் சொன்னான். அவன் பணப்பையைக் கையில் எடுத்துக்கொண்டே மனந்திரும்பினான். மன்னிப்பு இலவசம், அயலானின் உடைந்த வாசல் இலவசமல்ல.

ஆகவே அந்த மென்பொருளுக்குரிய விலையை இம்மாத என் சம்பளத்திலிருந்து செலுத்துகிறேன். அறிந்தே சும்மா இருந்தவன் நான். சபைநிதியின்மேல் அந்தச் சுமையை வைப்பது முறையல்ல. அது முடியும்வரை ஞாயிறுதோறும் பாட்டுப் புத்தகங்களைத் திறந்து பாடுவோம். பிள்ளைகள் வரைந்த தாள்களைச் சுவரிலிருந்து எடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூப்பர்கள் பொறுத்தருள வேண்டும். வாலிபர்களே, அவற்றின் ஓரத்தில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டு வையுங்கள். வாசலருகே நிற்கும் அந்த முதியவரை அங்கே வரையுங்கள்.

இந்த வாரம் அவர் உங்கள் வாசலிலும் நிற்கலாம். கேட்கும் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

ஆண்டவரின் சமாதானம் உங்களோடிருப்பதாக.

உங்கள் போதகர்