கொலோனில் அண்ணாந்து பார்த்தவன்

ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போன பையன் முதல் லீவிலேயே கொலோன் கதீட்ரலைப் பார்த்துவிடுகிறான். அங்கே தங்கும் அனுமதி கையில் இருந்தால் பாரிஸுக்குத் தனி விசா வேண்டாம்; அடுத்த லீவில் அதுவும் ஆச்சு. நல்லதுதான். ஊர் சுற்றுவதும் படிப்பில் சேர்த்திதான்.

‘1248ல ஆரம்பிச்சு 1880லதான்ப்பா முடிச்சிருக்காங்க!’ என்று போனில் வியக்கிறான். சரி தம்பி, நீ வளர்ந்த திருவண்ணாமலையில் 217 அடி ராஜகோபுரம் நிற்கிறதே, அது யார் கட்டியது? கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்தார், தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தார். இங்கேயும் ஒருத்தர் தொடங்கி இன்னொருத்தர் முடித்த கதைதான். வருஷக்கணக்கில் அதன் வாசலில் செருப்பை விட்டவனுக்கு இது தெரியாது.

பையனை மட்டும் திட்டாதீர்கள். கோயிலுக்குக் கூட்டிப்போன நீங்கள் என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்? ‘கூட்டம் வருது, சீக்கிரம் நட!’ பள்ளிக்கூடமோ டூர் என்றால் ஊட்டிக்கு பஸ் பிடிக்கும்.

அந்தச் சுவர்களில் இருப்பது நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள். யார் நிலம் கொடுத்தார், யார் விளக்கெரிக்க ஆடு கொடுத்தார் என்று ஊரின் கணக்கே அதில் இருக்கிறது. அவற்றைப் படித்துத் தொகுத்தவர் நம்ம ஆள், பி.ஆர். சீனிவாசன். புத்தகமாகப் போட்டது? பாண்டிச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு நிறுவனம், 1990 வாக்கில். நாம் பாரிஸில் செல்ஃபி எடுக்கிறோம். பிரெஞ்சுக்காரர் நம் சுவரை அச்சில் ஏற்றுகிறார்!

அடுத்த லீவுக்கு வரும் பிள்ளையிடம் சாக்லேட் கேட்காதீர்கள். கொலோனில் பலகை பலகையாய் நின்று படித்தானே, அந்தப் பொறுமையோடு அண்ணாமலையார் கோயிலில் ஒரு மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். நீங்களும் கூட நில்லுங்கள்.