‘பாதை இருக்கிறதாம்’ என்று சொல்லத் தெரியாத குரல்

2016 பிப்ரவரியில் ஐஸ்லாந்து சென்ற அமெரிக்கப் பயணி ஒருவரின் கதை மீண்டும் நம் பக்கங்களில் சுற்றிவருகிறது. கெஃப்லவிக் விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுத்தவர், சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் ரெய்க்யாவிக்கின் லௌகவேகுர் தெருவிலிருந்த விடுதிக்குச் செல்லவேண்டியிருந்தது. வழிகாட்டிக் கருவியை நம்பி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஓட்டி, வடகோடி மீன்பிடி ஊரான சிக்லுஃபியோர்துரில் போய் நின்றார். முன்பதிவில் ‘லௌகர்வேகுர்’ என ஓர் எழுத்து மிகையாக இருந்ததே காரணம். இம்முறை அதைப் பகிர்ந்து சிரித்தவர்கள் ஆய்வாளர்கள். மனித மூளை மழுங்கிவிட்டது என்பது அவர்கள் முடிவு. எனக்கு இதில் உடன்பாடில்லை.

முதலில் அந்த எழுத்தைப் பார்ப்போம். ஐஸ்லாந்து மொழியில் ‘லௌக்’ என்றால் நீராடும் குளம். அதன் ஆறாம் வேற்றுமை ஒருமையில் ‘லௌகர்’, பன்மையில் ‘லௌக’. குளத்தின் சாலை ஒன்று, குளங்களின் சாலை மற்றொன்று. இரண்டும் மெய்யாகவே உள்ள தெருக்கள். பயணி தம் கையிலிருந்த முகவரியை இட்டார், கருவி இட்ட முகவரிக்கு வழி சொன்னது. வேற்றுமொழியின் வேற்றுமை உருபில் எண் வேறுபாடு தெரியாதவரெல்லாம் மூடர் என்றால், நம் துறையில் முதுகலை முடித்தோரில் பெரும்பாலோர் அப்பட்டியலில் சேர்வோம்.

என் குற்றச்சாட்டு அக்குரலின் இலக்கணத்தின் மீது. தமிழில் வழி சொல்பவரைக் கவனியுங்கள். ‘கொஞ்ச தூரத்தில் ஒரு பாலம் வரும், அங்கே போய் விசாரித்துக்கொள்ளுங்கள்’ என்பார். தாம் நேரில் காணாததை ‘அந்தப் பக்கம் சாலை போட்டிருக்கிறார்களாம்’ என்பார். அந்த ‘ஆம்’ கேட்பவருக்கு ஒரு செய்தி: இது என் கண் கண்டதன்று, நீயும் பார்த்துக்கொள். அமேசான் பகுதியின் துயுக்கா மொழியிலோ, கண்டதா, ஊகித்ததா, பிறர் சொன்னதா என்பதை வினையிலேயே குறிக்காமல் ஒரு கூற்றை முடிக்க இயலாது. வழிகாட்டிக் குரலுக்கு இவற்றில் எதுவும் இல்லை. நேற்று அளந்த நெடுஞ்சாலையையும், யாரோ எப்போதோ வரைந்துவிட்டுப் போன மண்தடத்தையும் ஒரே தொனியில் சொல்கிறது: ‘இடப்புறம் திரும்புங்கள்.’

ஏவல் வினையில் அறிவின் மூலத்தைக் குறிக்கும் உருபு பெரும்பாலும் ஏறாது என்று நண்பர்கள் இலக்கணம் பேசுவார்கள். சரிதான். அதனால்தான் ஏவல் இங்கே வசதியான தேர்வு. ‘திரும்புங்கள்’ என்பதற்குள் ‘அங்கே சாலை இருக்கிறது’ என்னும் கூற்று ஒளிந்திருக்கிறது. ஒளிந்திருப்பதால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. 2012இல் ஆஸ்திரேலியாவின் மோர்டன் விரிகுடாவில், வடக்கு ஸ்ட்ராட்புரோக் தீவை நோக்கி வாடகைக் காரை ஓட்டிய மூன்று ஜப்பானிய மாணவர்கள் சேற்றில் சிக்கினர். பின்னர் கடலேற்றம் வந்து காரைச் சூழ்ந்தது. வரைபடத்துக்கு அக்கரை தெரிந்திருந்தது, இடையிலிருந்த கடல் தெரியவில்லை.

சொந்த ஊரில் குரல் பிழைத்தால் நம் நினைவு அதைத் திருத்தும். அயல்நாட்டு வாடகைக் காரில் அந்த மறுப்புக் குரல் இல்லை. சென்ற ஆண்டு கருத்தரங்கு ஒன்றுக்காக ஐஸ்லாந்து சென்றபோது நானும் ஓட்டினேன்: பழகாத வலப்பக்கம், நிறுத்திப் படிக்கவியலாத பலகைகள். ‘மல்பிக் எந்தர்’ என்றொரு பலகை கடந்தது. தார்ச்சாலை முடிகிறது என்று பொருள். சரளைக்கல்லில் சக்கரம் வழுக்கியபோதுதான் அது விளங்கியது. (எழுத்தைப் படிக்கத் தெரியும், பொருள் தெரியாது, மொழியியலாளரின் நிலை பொதுவாக இதுவே.) அங்கே வேக வரம்பே 90இலிருந்து 80ஆகக் குறைகிறது. குரலோ ‘நேராகச் செல்லுங்கள்’ என்றது.

கருவியைச் செய்தவர்களுக்குத் தயக்கத்தின் மொழி தெரியாதா? நன்றாகவே தெரியும். கருவியை இயக்கியதும் தோன்றும் எச்சரிக்கையைப் படியுங்கள்: உண்மை நிலை மாறுபடலாம், முடிவு உங்களுடையது என்னும் பொருளில் எத்தனை ‘லாம்’கள்! வாடகை ஒப்பந்தத்தின் பொடி எழுத்தும் அப்படித்தான். ஐயம் முழுவதும் வழக்கறிஞர்களுக்காக எழுத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் செல்பவரின் காதுக்கு வருவது உறுதி மட்டும். 2024 நவம்பரில் பரேலி அருகே ராமகங்கை ஆற்றின் முடிவுறாப் பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்தபோது, வழிகாட்டிச் செயலி அவ்வழியைக் காட்டியதாகச் செய்தி வந்தது. தடுப்பு வைக்காத பொறியாளர்கள் மீது வழக்குப் பதிவானது, அதுவும் நியாயமே. ஆனால் அன்று ‘மூளை மழுங்கிவிட்டது’ என்று யாரும் எழுதவில்லை. அயல்நாட்டுப் பயணி என்றால் மட்டும் நமக்குச் சிரிப்பு வருகிறது.

இத்தகைய குரல்களுக்கு வாக்கியம் எழுதும் பணியில் என்னோடு படித்த ஒருவர் இருக்கிறார். ‘இச்சாலை அண்மையில் சரிபார்க்கப்படவில்லை’ என்று ஒரு வரி சேர்க்க என்ன தடை என்று கேட்டேன். தயங்கும் குரலைப் பயனர்கள் விரும்புவதில்லை என்றார். எந்தச் சாலையில் இருந்த பயனரிடம் கேட்டீர்கள் என்று எழுதினேன். மறுமொழி இன்னும் வரவில்லை.