பணம் கட்டிக் கரி அள்ளுகிறவர்கள்

சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகர், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர், இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம். லீவில் வந்தவன் ஒரு போட்டோவைக் காட்டினானாம். முகமெல்லாம் கரி, நீல ஓவரால், கையில் ஷவல், பின்னால் புகை கக்கும் எஞ்சின்.

“என்னடா இது, வேலை போயிடுச்சா?”

“இல்லப்பா. சனி ஞாயிறிலே ரயிலுக்குக் கரி அள்ளறேன்.”

“எவ்வளவு தர்றான்?”

“அவன் எங்கே தர்றான்? மெம்பராக நான்தான் சந்தா கட்டியிருக்கேன்.”

வாசகரின் சகதர்மிணிக்கு அன்றிரவு தூக்கம் போச்சு. “இங்கே இருந்த வரைக்கும் ஒரு குடம் தண்ணி தூக்கினதில்லே. சீமைக்குப் போய்க் கரி அள்றானே!” வாசகர் கேட்கும் கேள்விகள் இரண்டு. இது என்ன பைத்தியம்? நம் ஊரில் இதற்கு வழி உண்டா? இரண்டாவது கேள்வி பிள்ளைக்காகக் கேட்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பைத்தியத்துக்கு வயது எழுபதுக்கு மேல் ஸார். வேல்ஸில் டாலிலின் என்று ஒரு குட்டி ரயில். மலையிலிருந்து கற்பலகை இறக்குவதற்காகப் போட்டது. 1950-ல் அதன் முதலாளி காலமானதும், மூடிவிடுவார்கள் என்று எல்லோரும் கையைப் பிசைந்தபோது, டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் சிநேகிதர்களும் ‘நாமே ஓட்டினால் என்ன?’ என்று கிளம்பினார்கள். 1951-லிருந்து ஓட்டினார்கள். இன்னும் ஓடுகிறது. தொண்டர்கள் ஓட்டும் ரயில் என்ற சமாசாரத்துக்கு உலகத்திலேயே அதுதான் பிள்ளையார் சுழி.

லீட்ஸிலேயே மிடில்டன் ரயில் இருக்கிறது. 1758-ல் பார்லிமெண்ட் சட்டம் போட்டு அனுமதித்த பாதை. குதிரை இழுத்த அந்தப் பாதையில் 1812-லேயே நீராவி எஞ்சின் வந்துவிட்டது. ஸ்டீவன்ஸனின் ‘ராக்கெட்’டுக்கு 17 வருஷம் முன்னால். 1960-ல் அதையும் தொண்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியரின் பிள்ளையாண்டான் போவது அங்கேயாகத்தான் இருக்கும்.

1968-ல் பிரிட்டிஷ் ரயில்வே நீராவிக்கு முழுக்குப் போட்டது. எஞ்சின்களெல்லாம் காயலான் கடைக்குப் போயின. வேல்ஸில் பாரி என்ற ஊரில் ஒரு பெரிய காயலான் கடைக்காரர், ரயில் பெட்டிகளை முதலில் உடைப்போம், எஞ்சின்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தார். அந்தத் தாமதத்தில் ஜனங்கள் வசூல் பண்ணி, ஒன்றிரண்டல்ல, 213 எஞ்சின்களை மீட்டுக்கொண்டு போனார்கள். நம் ஊரில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கிடைக்கும். மறு பேச்சு கிடையாது.

சேர்ந்த அன்றே டிரைவர் ஸீட் கிடைக்காது. முதலில் கிளீனர். எண்ணெய்த் துணியும் கையுமாகச் சக்கரம் துடைக்க வேண்டும், சாம்பல் வார வேண்டும். வாரநாளில் டை கட்டிக்கொண்டு நாலு பேரை மிரட்டும் ஆபீஸர், ஞாயிற்றுக்கிழமை ஒரு காலேஜ் பையனிடம் ‘இங்கே இன்னும் அழுக்கு இருக்கு’ என்று திட்டு வாங்குவார். பிறகு விதிமுறைப் பரீட்சை, பிறகு ஃபயர்மேன், இன்னும் சில வருஷம் போனால் டிரைவர். பொறுமை இல்லாதவர்கள் பணம் கட்டி ஒரு நாள் எஞ்சினில் ஏறி, பக்கத்தில் நிஜ டிரைவர் நிற்க, கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வரலாம். பிறந்த நாளுக்குப் பெண்டாட்டி வாங்கித் தரும் பரிசுகளில் இதுவும் ஒன்று. (இங்கே நமக்கு சட்டைத் துணி.)

கரி அள்ளுவது என்றால் வாரி வாரிக் கொட்டுவது என்று நினைக்கிறோம். நம் பாட்டிகள் விறகடுப்பில் செய்த அதே வித்தைதான். அடுப்பு மட்டும் பெரிசு, ஓடிக்கொண்டும் இருக்கிறது. எங்கே நெருப்பு மெலிந்திருக்கிறதோ அங்கே மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போட வேண்டும். அதிகம் போட்டால் புகைபோக்கியில் கன்னங்கரேல் என்று கிளம்பும். எரியாத கரி, எரிந்த காசு. குறைத்துப் போட்டால் மேட்டில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிடும். நடுவே ஒரு கண் கண்ணாடிக் குழாயில். அதில்தான் பாய்லரில் எத்தனை தண்ணீர் இருக்கிறது என்று தெரியும். தண்ணீர் மட்டம் இறங்கி நெருப்புப் பெட்டியின் கூரை காய்ந்தால் போச்சு. அங்கே ஓர் ஈய அடைப்பு வைத்திருப்பார்கள். அது உருகி நீராவி பீறிட்டு எச்சரிக்கும். அதற்குப் பிறகு அந்த ஃபயர்மேன் டிரைவர் முகத்தில் முழிக்க முடியாது. பத்து மணி வண்டிக்கு விடியற்காலையே நெருப்பு மூட்ட வேண்டும் என்பது வேறு. ஒரு தலைமுறை கை விட்டால் அடுத்த தலைமுறை புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இல்லை இது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். நம் நாட்டில், 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டம் 156-வது பிரிவின்படி, ‘ஏறாதே’ என்று ரயில்வே ஊழியர் எச்சரித்த பிறகும் எஞ்சினில் பயணம் செய்கிறவருக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சீமையில் கட்டும் பணத்தைப் பார்க்க 500 ரூபாய் மலிவாயிற்றே என்று கணக்குப் போடாதீர்கள். மூன்று மாதமும் சேர்ந்து கிடைத்தால் கட்டுப்படியாகாது.

ரயில்வேயைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் வண்டியில் வேடிக்கை பார்க்கிறவர்களை முன்னால் ஏற்ற முடியுமா? சம்பளத்துக்கு ஆள் வேண்டிய இடத்தில் சும்மா வருகிறவரைச் சேர்த்தால், வேலைக்குக் காத்திருக்கும் பையன் என்ன செய்வான்? யூனியன்காரர்கள் கேட்டால் நியாயம் அவர்கள் பக்கம்தான்.

ஆனால் பாரம்பரிய எஞ்சின் விஷயம் தனி. அது நம்மிடமே இருக்கிறது. லீட்ஸில் கிட்ஸன் கம்பெனி 1855-ல் செய்து கல்கத்தாவுக்கு அனுப்பிய ‘எக்ஸ்பிரஸ்’ எஞ்சின், ஒரு நூற்றாண்டு பொம்மையாக நின்ற பிறகு, 2010-ல் நம் பெரம்பூர் தொழிற்சாலையில் மறுபடி ஓடத் தயாராயிற்று. அதே கம்பெனி அதே வருஷம் செய்த ‘ஃபேரி குயீ’னுக்கு 1990-களில் உயிர் கொடுத்ததும் பெரம்பூர்தான். திருச்சி பொன்மலையில், பழசை ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தால் போதாது என்று, ஊட்டி ரயிலுக்குப் புத்தம் புதிய நீராவி எஞ்சினே செய்தார்கள். முதலாவது 2011-ல் வந்தது. சும்மா இல்லை, பல்சக்கரம் பிடித்து மலையேறும் எஞ்சின்!

இத்தனை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேரைச் சக்கரம் துடைக்கக் கூப்பிட்டால் யார் குடி முழுகிவிடும்? பயணிகள் வண்டியில் வேண்டாம். ஷெட்டுக்குள்ளே, ஓய்வு பெற்ற ஃபோர்மன் ஒருவர் மேற்பார்வையில். அது வரைக்கும் நம் ரயில் ரசிகர்கள் எல்லோரும் திருநாளைப்போவார்கள்தான். சிதம்பரத்துக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

அதற்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மேட்டுப்பாளையத்தில் காலையில் ஊட்டி வண்டி ஏறுங்கள். டிக்கெட் கிடைப்பதே ஒரு தவம், அது கிடக்கட்டும். எஞ்சின் பின்னாலிருந்து முட்டித் தள்ளும். ஹில்குரோவில் தண்ணீர் குடிக்க நிற்கும்போது இறங்கிப் போய், மரியாதையாக நின்று பாருங்கள். அந்த எஞ்சின்கள் பலவற்றில் இப்போது கரி இல்லை, எண்ணெய்தான். ஆனாலும் அந்தச் சூடு முகத்தில் அடிக்கும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் உள்ளூரிலேயே பார்க்கலாம். விழுப்புரத்திலிருந்து கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், சீர்காழி என்று போகும் நம் ‘மெயின் லைன்’ 2010-ல் அகலப் பாதையாகித் திறந்தது. அதற்கு வெகு காலம் முன்பே டீசல் வந்து கரி வண்டி ஓய்ந்துவிட்டது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணில் கரித்தூள் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அந்தக் கரியைப் போட்டவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். 1970-களில் ஒய்.பி. எஞ்சினில் இளம் ஃபயர்மேனாக ஏறியவருக்கு இன்று எழுபதுக்கு மேல். விழுப்புரத்திலோ மாயவரத்திலோ கடலூர் முதுநகரிலோ, ரயிலடியை ஒட்டி ஏதோ ஒரு தெருவில், திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். வீட்டில் யாரும் அவரிடம் பாய்லரைப் பற்றிக் கேட்பதில்லை.

போய்க் கேளுங்கள். ஐப்பசி மழையில் நனைந்த கரியை எப்படி எரிய வைத்தார்? வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டியை எப்படி விட்டார்? எந்த டிரைவரிடம் அடி வாங்காத குறையாக வேலை கற்றார்? பையன் செல்போனில் பதிவு பண்ணட்டும். அனுமதிக் கடிதம் வேண்டாம், சந்தாவும் கிடையாது. காது அவருக்குக் கொஞ்சம் மந்தமாக இருக்கும், எஞ்சின் செய்த வேலை, பலமாகப் பேசுங்கள்.