இத்தாலி இருக்கட்டும், முதல்ல வண்டிப்பாதையைக் காப்பாத்துங்க

மார்கழி பிறந்துட்டா சனி, ஞாயிறு காலையில எங்க வேப்பம்பட்டு பக்கம் சைக்கிள்காரங்க நடமாட்டம் கூடிடும். அம்பத்தூர், ஆவடி, அண்ணா நகர்னு எங்கெங்கிருந்தோ வர்றாங்க. வரட்டும், சந்தோஷம். உடம்பை வளைச்சு வண்டி மிதிக்கிறவங்க மேல விவசாயிக்கு எப்பவும் ஒரு மரியாதை உண்டு. ஆனா டீக்கடையில அவங்க பேசுறதைக் கேட்டா ஒரு வாக்கியம் மட்டும் தப்பாம வரும்: "இத்தாலியில எல்லாம் கார், லாரி எதுவும் வராத சைக்கிள் பாதை கிராமம் கிராமமா போகுது சார். நம்ம நாட்டுல அப்படி ஒண்ணு வர இன்னும் ஐம்பது வருஷம் ஆகும்."

இந்தப் பதிவு அந்த வாக்கியத்துக்குப் பதில். நம்ம ஊர்ல அந்தப் பாதை வரப்போறது இல்லைங்க, ஏற்கெனவே இருக்கு. இருந்ததை நம்ம கண்ணு முன்னாலயே அழிச்சிக்கிட்டு இருக்காங்க. அழிக்கிறதுல உங்க பங்கும் இருக்கு. அதைச் சொல்லாம விட்டா நான் முகஸ்துதி பண்றதா ஆகிடும்.

முதல்ல அந்த இத்தாலிப் பாதைங்க எப்படி வந்துச்சுன்னு பார்ப்போம். நம்மாளுங்க நினைக்கிற மாதிரி காட்டை வெட்டி, கோடி கோடியா கொட்டிப் புதுசா போட்டது இல்ல அதுல பெரும்பகுதி.

தெற்கே புலியான்னு ஒரு மாநிலம். ஆறு குளம் குறைவான வறண்ட பூமி. மலைக்கு அந்தப்பக்கம் கபோசெலேங்கிற ஊர்லேர்ந்து சேலே ஆத்துத் தண்ணியைக் கால்வாய் கட்டிக் கொண்டு வந்தாங்க. 1915-ல அந்தத் தண்ணி பாரி நகரத்துக்கு வந்து சேர்ந்தது. கால்வாயைப் பராமரிக்கிற ஆளுங்க போய் வர கூடவே ஒரு பாதை விட்டிருந்தாங்க. இன்னைக்கு அந்தப் பராமரிப்புப் பாதைதான் சைக்கிள் பாதை. சில பகுதி திறந்தாச்சு, மொத்தம் 500 கிலோமீட்டர் அளவுக்குத் திட்டம் போட்டு வேலை நடக்குது.

வடக்கே போ ஆறு. வெள்ளத்தைத் தடுக்க ரெண்டு பக்கமும் பெரிய மண்கரை கட்டியிருக்காங்க. ஃபெராரா பக்கம் அந்தக் கரை மேலயே நூறு கிலோமீட்டருக்கு மேல சைக்கிள்ல போகலாம். கரை மேல ஏறிட்டா ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் கழனி.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. டஸ்கனியில திராட்சைத் தோட்டம், ஆலிவ் தோட்டத்துக்கு நடுவுல வெள்ளைச் சரளை மண் ரோடுங்க உண்டு. விவசாயிங்க போட்ட ரோடு. அதையெல்லாம் தார் போட்டு மூடிட்டு வந்தப்ப, 1997-ல கயோலேங்கிற சின்ன ஊர்ல கொஞ்சம் பேர் பழைய சைக்கிளை எடுத்துக்கிட்டு அந்த மண் ரோட்டுல ஒரு ஓட்டம் நடத்தினாங்க. பேரு லெரோயிகா. "இந்த மண் ரோட்டை மண் ரோடாவே விடுங்க"ங்கிறதுதான் அவங்க கோரிக்கை. இன்னைக்கு உலகத்துல எங்கெங்கிருந்தோ ஆளுங்க பணம் கட்டி வந்து அந்தப் புழுதியில சைக்கிள் ஓட்டுறாங்க. 200 கிலோமீட்டருக்கு மேல நிரந்தரப் பாதையா பலகை வச்சுக் காப்பாத்திட்டாங்க.

கால்வாய்க் கரை, ஆத்துக் கரை, தோட்டத்து மண் ரோடு. மூணும் பழசு. அங்க செஞ்சது பழைய வழியை மூடாம விட்டதும், லாரியை உள்ளே விடாததும்தான்.

இப்ப நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக்கு வாங்க. சென்னைக்குக் குடிக்க ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா தண்ணி வருது. 1983-ல ஒப்பந்தம் போட்டு 1996-ல தண்ணி வந்து சேர்ந்தது. கண்டலேறுலேர்ந்து பூண்டி, அங்கேர்ந்து செம்பரம்பாக்கத்துக்கு இணைப்புக் கால்வாய். அதுக்கும் கரை உண்டு, கரை மேல பராமரிப்புக்கு வழியும் உண்டு. புலியாக்காரன் கதையும் நம்ம கதையும் ஒண்ணுதானே?

ஏரிக்கரையைப் பத்திச் சொல்லவே வேண்டாம். தமிழ்நாட்டுல 39 ஆயிரம் ஏரின்னு கணக்கு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம்னே பேரு. எங்க பக்கத்துல ஒரு ஊர் ஏரிக்கரையில ஏறினா கலங்கல் தாண்டி, மதகு தாண்டி அடுத்த ஊர் எல்லைக்குப் போயிடலாம். பனைமரம் வரிசையா நிழல் குடுக்கும். நவரைப் பட்டத்துல நாத்து நடுறப்ப வந்து பாருங்க, கொக்கும் நாரையும் கழனியில நிக்கிற அழகுக்கு டஸ்கனி எல்லாம் பக்கத்துல வர முடியாது. பக்கத்து திரூர்ல நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. டி.கே.எம். நெல் ரகங்க எல்லாம் பிறந்த இடம். சைக்கிள்ல போறவங்க எத்தனை பேருக்கு இது தெரியும்?

அப்புறம் வண்டிப்பாதை. மாட்டு வண்டி போக, கதிரைக் களத்துக்குக் கொண்டு வர, எருவைக் கழனிக்குக் கொண்டு போக ஊருக்கு ஊர் விட்டு வச்ச வழி. இது யாரோ ஒருத்தர் தயவுல இருக்கிற வழி இல்லைங்க. கிராம வரைபடத்துல கோடு போட்டுக் காட்டியிருக்கும். 'வண்டிப்பாதை புறம்போக்கு'ன்னு சர்வே எண்ணோட பதிவு இருக்கும். அந்தக் கோடுகளை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப் பார்த்தீங்கன்னா, மெயின் ரோட்டை மிதிக்காமலே பல ஊரைச் சுத்திட்டு வரலாம். அதுக்குப் பேருதான் போக்குவரத்து இல்லாத சைக்கிள் பாதை.

இது எப்படி அழியுது?

முதல் எமன் லேஅவுட். பத்து ஏக்கர் கழனியை வளைப்பாங்க. நடுவுல போற வண்டிப்பாதையையும் சேர்த்துக் கம்பி வேலி, அப்புறம் காம்பவுண்டு சுவர், முன்னாடி ஒரு வளைவு, வளைவுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு. என் கழனிக்கு எங்க தாத்தா காலத்துலேர்ந்து வண்டி போன வழியில இன்னைக்கு இரும்பு கேட்டு நிக்குது. அறுப்பு மிஷினை ஒன்றரைக் கிலோமீட்டர் சுத்திக் கொண்டு வர்றேன், சுத்துற வாடகையும் என் தலையிலதான். மனு குடுத்தாச்சு. "பார்க்கிறோம்"னு சொன்னவங்க இன்னும் பார்த்துக்கிட்டு இருக்காங்க.

ரெண்டாவது எமன் டிப்பர் லாரி. சவுடு மண் அள்ள ஏரிக்குள்ள இறங்குற லாரிக்கு ஏரிக்கரைதான் ரோடு. நூறு நடை போனா கரை உட்கார்ந்துடும். அப்புறம் ஐப்பசி மழையில கரை உடைஞ்சா "இயற்கைச் சீற்றம்"னு பேரு.

மூணாவது எமன் அழகுபடுத்துறது. இது நல்லவங்க வேஷத்துல வரும். ஏரிக்கரையில பேவர் பிளாக், ஸ்டீல் கைப்பிடி, செல்ஃபி எடுக்க ஒரு எழுத்து போர்டு, அஞ்சு மணிக்குப் பூட்டுற கேட்டு. பனைமரத்தை வெட்டிட்டு அலங்காரச் செடி. மாடு உள்ளே வரக்கூடாது, வைக்கோல் ஏத்தின வண்டி வரக்கூடாது. சைக்கிள் பாதைன்னு பேரு வச்சு ஊர்க்காரனை வெளியே தள்ளுற வேலை இது.

"மண் பாதைன்னா மழையில சேறாகிடுமே?"ன்னு கேட்பீங்க. ஆகும்தான். கார்த்திகை மாசத்துல வராதீங்க, தையில வாங்க. சரளை கொட்டி, உருளை ஓட்டி, ரெண்டு ஓரமும் தண்ணி வடிய வழி வச்சா மண் ரோடும் தாங்கும். டஸ்கனியில அதைத்தானே பண்றாங்க? தார் போட்ட மறுநாளே டிப்பர் வந்துடும், அதுதான் எங்க பயம்.

"அப்ப வளர்ச்சி வேண்டாமா?" இதையும் கேட்பீங்க. வீடு கட்டுங்க, நான் தடுக்கல. பாதையை அடைக்காம கட்டுங்கன்னுதான் சொல்றேன்.

இதுல உங்க ஞாயிற்றுக்கிழமை சவாரியை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. புதுக்கோட்டையில 1990-களோட தொடக்கத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்ப, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்துல, எழுதப் படிக்கக் கத்துக்கிட்ட பொம்பளைங்க ஆயிரக்கணக்குல சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. தண்ணிக்கும் வேலைக்கும் யாரையும் எதிர்பார்க்காம போனாங்க. அப்புறம் அரசாங்கமே பிளஸ் ஒன் பிள்ளைங்களுக்கு விலையில்லா சைக்கிள் குடுக்க ஆரம்பிச்சது. சைக்கிள் குடுத்தாச்சு, பாதை எங்கே? எங்க ஊர்ப் பொண்ணுங்க அந்த சைக்கிளை எடுத்துக்கிட்டு சென்னை – திருவள்ளூர் நெடுஞ்சாலையில லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல போகணும். பயந்துபோன அப்பன் "ஷேர் ஆட்டோவுல போ"ங்கிறான். சைக்கிள் திண்ணையில துருப்பிடிக்குது. வண்டிப்பாதையும் ஏரிக்கரையும் திறந்து கிடந்தா அந்தப் பிள்ளை ஹாரன் சத்தம் கேட்காம பள்ளிக்கூடம் போகும். உங்களுக்கு வாரம் ஒரு நாள் வேண்டியது அவங்களுக்கு தினம் ரெண்டு வேளை வேணும்.

என்ன பண்ணலாம்னு கேட்டா, மூணு காரியம் சொல்றேன்.

ஒண்ணு. 2022-ல சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டர்லேர்ந்து 5,904-ஆ விரிச்சாங்க. நாங்களும் இப்ப அந்த வட்டத்துக்குள்ளதான். மூணாவது பெருந்திட்டத்துல ஒவ்வொரு கிராமத்து வண்டிப்பாதையும், ஏரிக்கரையும், கால்வாய்க் கரையும் பொது வழின்னு கோடு போட்டுக் காட்டணும். அதைக் கேட்க எங்களை விட உங்களுக்கு இங்கிலீஷும் தெரியும், ஆபீஸ் வாசலும் தெரியும். மனு எழுதுங்க.

ரெண்டு. மனை வாங்கப் போறீங்களா? பத்திரத்துக்கு முன்னாடி புல வரைபடத்தையும் கிராம வரைபடத்தையும் பாருங்க. உங்க பிளாட்டுக்கு அடியில வண்டிப்பாதை ஓடுதுன்னா வாங்காதீங்க. வாங்குற ஆள் இல்லைன்னா அடைக்கிற ஆளும் இருக்க மாட்டான். ஏற்கெனவே வாங்கிக் குடிவந்தவங்க கிராம சபைக்கு வாங்க. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகள்ல கட்டாயம் நடக்கும். இங்க வாக்காளர்னா நீங்களும் கை தூக்கலாம். "அடைச்ச பாதையைத் திற"ன்னு தீர்மானம் போட நாங்க பத்துப் பேர் மட்டும் கத்தினா போதாது.

மூணு. பாதை வாசல்ல ரெண்டு கருங்கல் நட்டு நடுவுல கழட்டி மாட்டுற ஒரு கம்பம் வைக்கணும். சைக்கிள் போகும், மாடு போகும், டயர் வண்டி ஓரமா போகும். அறுப்பு நாள்ல மட்டும் கம்பத்தைக் கழட்ட சாவி பஞ்சாயத்துல இருக்கட்டும். டிப்பர் போகாது. கோடி ரூபாய் டெண்டர் எதுவும் இதுக்குத் தேவையில்லை. ஒருவேளை அதனாலதான் யாரும் இதைச் செய்ய மாட்டேங்கிறாங்களோ என்னவோ!

அடுத்த தடவை சைக்கிளை எடுத்துக்கிட்டு வர்றப்ப மெயின் ரோட்டு டீக்கடையோட திரும்பிடாதீங்க. கிராம வரைபடத்தைக் கையில வச்சுக்கிட்டு வண்டிப்பாதையில இறங்குங்க. எந்த இடத்துல சுவர் வந்து மறிக்குதோ, அங்க நின்னு ஒரு போட்டோ எடுங்க. இத்தாலிப் போட்டோவுக்குப் பதிலா அதைப் போடுங்க, சர்வே எண்ணோட.